கடிகாரமும் பாங்கும்: ஒரு மழலையின் நாளுக்குப் பின்னே உள்ள வரலாறு

 

சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அம்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கணவரோடும் இரண்டரை வயது மகளோடும் வாழ்கிறாள். தேநீர் கொண்டுவர அவள் அடுக்களைக்குள் சென்றபோது, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாள் ஒன்று என் கண்ணில் பட்டது. அழகான கையெழுத்தில், கோடு போட்டு எழுதிய நேர அட்டவணை. காலை 7.00 எழுதல், 12.00 உணவு, 12.30 உறக்கம், மாலை 6.30 குளியல், 7.00 இரவுணவு, 7.30 கதை, 8.00 உறக்கம். வெளிநாட்டு நூல் ஒன்றைப் பார்த்து எழுதியதாம்.

"டீச்சர், நீங்க வகுப்புல சொல்லிக் கொடுத்த மாதிரியே அட்டவணை போட்டேன். ஆனா ஒரு நாள்கூட அவ எட்டு மணிக்குத் தூங்கல. பதினொன்றரை ஆயிடுது. நேத்து பொறுக்க முடியாம அடிச்சிட்டேன்" என்றாள்.

அவள் குரல் தாழ்ந்திருந்தது. என்னால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. என் மூத்த மகனுக்கு இரண்டு வயது இருக்கும்போது, மக்ரிப் தொழுகைக்கு நிற்கும் நேரத்தில் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதான் என்பதற்காக நானும் கையோங்கியிருக்கிறேன். பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த பாடமெல்லாம் அந்த நொடியில் எங்கோ போய்விட்டது. எனவே அவளுக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கு இருந்ததாக நான் எண்ணவில்லை. ஆனால் அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று புலப்பட்டது. அதில் இருந்த மணிகள் அம்பாங்கின் வானத்திற்கு உரியவை அல்ல. நம் கடிகாரத்திற்கும் நம் சூரியனுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அதை அறிந்துகொண்டால், பாதிப் பூசல் அடங்கிவிடும் என்று தோன்றியது.

நகர்ந்துகொண்டே வந்த கடிகாரம்

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் என்றும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 1905ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி முந்திய நேரம் இங்கு நடைமுறைக்கு வந்தது. 1933இல் அது 20 நிமிடம் முன்னே நகர்த்தப்பட்டது. 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம். 1942இல் ஜப்பானியர் நாட்டைக் கைப்பற்றியதும் தோக்கியோ நேரம் திணிக்கப்பட்டது. அதாவது ஒரே அடியாக ஒன்றரை மணி நேரம்! அந்நாளில் கோலாலம்பூரில் சூரியன் உச்சியில் நின்றபோது கடிகாரம் பிற்பகல் இரண்டைத் தாண்டியிருக்கும். போர் முடிந்த 1945இல் பழைய நேரம் திரும்பியது. இறுதியாக, சபா, சரவாக் மாநிலங்களோடு நேரத்தை ஒன்றாக்கும் பொருட்டு, 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே வைக்கப்பட்டன. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 ஆனபோதே நள்ளிரவு 12 ஆகிவிட்டது.

அப்பொழுது எனக்கு ஒன்றரை வயது. என் உம்மா அந்தப் புத்தாண்டைப் பற்றிப் பலமுறை கூறியிருக்கிறார். வாப்பா நாற்காலியின் மேல் ஏறிச் சுவர்க்கடிகாரத்தின் முள்ளை நகர்த்தினாராம். "முள்ளு நகர்ந்துச்சு. நீ நகரலையே! வழக்கமா எந்திரிக்கிற நேரத்துக்குத்தான் எந்திரிச்சே. பாங்கும் அதே வெளிச்சத்துலதான் கேட்டுச்சு" என்பார். கடிகாரத்தில் ஆறே முக்காலுக்குக் கேட்ட மக்ரிப் பாங்கு, மறுநாள் முதல் ஏழே காலுக்குக் கேட்டது. வானமும் குழந்தையும் மாறவில்லை. எண் மட்டுமே மாறிற்று.

இன்று அம்பாங்கில் நம் கடிகாரம், சூரியன் காட்டும் உள்ளூர் நேரத்தைவிடச் சராசரியாக 73 நிமிடம் முந்தி ஓடுகிறது. கடிகாரம் இரவு 8.00 என்று காட்டும்போது, சூரியக் கணக்கில் இங்கே மாலை 6.47 தான். என் மாணவியின் மகள் பிடிவாதம் பிடிக்கவில்லை. மேற்கு வானில் செம்மை முழுதும் மறையாத வேளையில் உறங்கு என்றால் எந்தப் பிள்ளை உறங்கும்?

மணி இல்லாத அட்டவணை

இஸ்லாமிய இல்லத்தில் கடிகாரத்திற்கு முன்பே ஓர் அட்டவணை இருந்தது. சுப்ஹு, லுஹர், அஸர், மக்ரிப், இஷா என்னும் ஐந்து வேளைகள். இவை ஒவ்வொன்றும் சூரியனைப் பற்றி நிற்பவை. கிழக்கு வெளுத்தல், உச்சி சாய்தல், நிழல் நீளுதல், சூரியன் மறைதல், செம்மை நீங்குதல் என்பனவே அவற்றின் அடையாளங்கள். அதனால்தான் அரசு கடிகாரத்தை எத்தனை முறை நகர்த்தினாலும் இவை இடம் பெயர்வதில்லை.

குழந்தைகளுக்கும் இந்த அட்டவணைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. திருக்குர்ஆனின் 'அந்நூர்' அத்தியாயம் 58ஆம் வசனம் வீட்டு ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறது. பருவமடையாத பிள்ளைகளும் பெரியவர்களின் அறைக்குள் அனுமதி கேட்டே நுழைய வேண்டிய மூன்று வேளைகளை அது குறிக்கிறது: சுப்ஹுத் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும்போது, இஷாத் தொழுகைக்குப் பின். இதை ஒரு வரலாற்றுச் சான்றாகவும் படிக்கலாம். ஏழாம் நூற்றாண்டு மதீனாவின் இல்லங்களில் இரவு உறக்கம் இஷாவில் தொடங்கியது. நண்பகல் உறக்கமும் நாளின் ஓர் அங்கமாக இருந்தது. 'கைலூலா' என்று அரபியில் வழங்கும் அந்தச் சிறு துயிலை நம் பாட்டிமார்களும் விடாமல் போற்றினர்.

மக்ரிப் வேளைக்கும் ஒரு மரபு உண்டு. இருள் சூழத் தொடங்கும்போது பிள்ளைகளை வீட்டிற்குள் அழைத்துக்கொள்ளுங்கள், சிறிது நேரம் கழிந்தபின் விட்டுவிடுங்கள் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி தொகுப்பில் உள்ளது. மலாய்க் கம்பங்களில் மக்ரிப் நெருங்கியதும் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூவி அழைப்பதை இன்றும் கேட்கலாம். இந்துக் குடும்பங்களில் 'விளக்கு வைக்கும் நேரத்தில் வெளியே திரியாதே' என்பார்கள். வீடு வேறு, வழிபாடு வேறு. ஆயினும் அந்தி சாய்ந்தால் பிள்ளை வீடு திரும்ப வேண்டும் என்பது எல்லாருக்கும் பொது.

மலாக்காவில் ஒரு பாட்டி

அப்படியானால் முற்காலத்து இல்லங்களில் எல்லாம் மென்மையாகவே நடந்தனவா? இல்லை என்பதையும் வரலாறே கூறுகிறது. இந்த மண்ணில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் குழந்தைப் பருவத்தை விரிவாக எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் 1796இல் பிறந்தவர். அவருடைய கொள்ளுப் பாட்டனார் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அவ்வழி வந்த பாட்டனார் மலாக்காவிற்குக் குடிபெயர்ந்து பெரியாச்சி என்பவரை மணந்தார். பெயரைக் கேட்டதுமே நம் வீட்டுப் பெண்மணி என்று தோன்றுகிறதல்லவா?

அந்தப் பெரியாச்சி ஒரு தலைமையாசிரியை! மலாக்காவின் கம்போங் பாலியில் ஏறத்தாழ 200 பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, அவருடைய பள்ளியில் குர்ஆன் ஓதக் கற்றனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் வழி வந்த ஒரு முஸ்லிம் பெண்மணி இவ்வளவு பெரிய பள்ளியை நடத்தினார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

அப்துல்லாவிற்கு முன் பிறந்த நான்கு பிள்ளைகளும் மழலைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். அந்தத் தாய்க்கு ஐந்தாவது பிள்ளையின் ஒவ்வொரு நாளும் எவ்வளவு அச்சமும் அருமையும் நிறைந்ததாக இருந்திருக்கும்! சிறுவன் அப்துல்லா பாட்டியின் அரவணைப்பில், அந்தப் பள்ளிக்கூடச் சூழலிலேயே வளர்ந்தான்.

அதே பள்ளியின் மற்றொரு முகத்தையும் அவர் மறைக்கவில்லை. 1849இல் அச்சேறிய 'ஹிக்காயாட் அப்துல்லா' நூலில், தவறு செய்த பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்ட தண்டனைகளை ஒவ்வொன்றாக விவரிக்கிறார். விரல்களுக்கிடையே பிரம்புத் துண்டுகளை வைத்து நெருக்குவது அவற்றுள் ஒன்று. இடுப்பில் சங்கிலி கட்டி மரக்கட்டையைச் சுமக்கச் செய்வது மற்றொன்று. தம் தந்தை மிகக் கண்டிப்பானவர் என்றும், தாயே தம்மைத் தேற்றினார் என்றும் எழுதுகிறார். கல்வி, கண்டிப்பு, அன்பு மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

தமிழாசிரியர்களுக்காக இன்னொரு செய்தி. அப்துல்லா இரண்டரை ஆண்டுகள் தமிழும் கற்றார். மலாக்காவின் வணிகக் கணக்குகள் அந்நாளில் தமிழிலேயே எழுதப்பட்டதால், வசதியுள்ள குடும்பத்தார் தம் பிள்ளைகளைத் தமிழ் கற்க அனுப்புவது வழக்கமாக இருந்தது. பின்னர் ராஃபிள்சிடம் எழுத்தராகப் பணியாற்றியபோது அவர் பதினைந்து வயதுகூட எட்டாத சிறுவர்.

'அந்தக் காலத்தில் அடித்து வளர்த்தார்கள், அதனால்தான் உருப்பட்டோம்' என்று நம்மில் பலர் கூறுவதுண்டு. அப்துல்லாவின் வாழ்க்கையை அதற்குச் சான்றாகக் காட்டுவோரும் இருக்கலாம். ஆனால் அந்த வாதம், அதே நூலில் இடம்பெற்றுள்ள பாட்டியையும் தாயையும் மறந்துவிடுகிறது.

ஏழு வயது வரை

கண்டிப்புதான் மார்க்கத்தின் வழி என்று எண்ணுவோரும் உண்டு. ஆயின், பிள்ளைகளைத் தொழுமாறு ஏவும் வயதாக நபிமொழி குறிப்பது ஏழு. அதற்கு முன் உள்ள ஆண்டுகளில் பிள்ளை தொழுகையைக் காண்கிறது, கேட்கிறது, விளையாட்டாகப் பின்பற்றுகிறது. அவ்வளவே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுதார்கள் என்றும், தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால் அதன் தாயை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்றும் நபிமொழி நூல்கள் பதிவு செய்துள்ளன. ஸஜ்தாவில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால், அது இறங்கும் வரை எழாமல் இருந்தார்கள் என்ற செய்தியும் உண்டு.

பின்வந்த அறிஞர்களும் இவ்வழியைப் பற்றியே பேசினர். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ஓதி முடித்த பிள்ளையை நன்றாக விளையாட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து இடைவிடாது கற்பித்தால் பிள்ளையின் உள்ளம் செத்துவிடும் என்றும் எச்சரித்தார். 1377இல் தம் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், கற்போரிடம், குறிப்பாகச் சிறு பிள்ளைகளிடம், காட்டும் கடுமை அவர்களைச் சோம்பலுக்கும் பொய்க்கும் தள்ளும் என்று காரணங்களோடு விளக்கினார். அடிக்கு அஞ்சும் பிள்ளை தன் மனத்தில் உள்ளதை மறைக்கக் கற்றுக்கொள்கிறது என்பது அவர் கருத்து. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலான இந்தக் கருத்து, இன்றைய வகுப்பறைக்கும் அப்படியே பொருந்துகிறது.

நம் தமிழ் மரபும் இதில் பின்தங்கவில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தில் தமிழ் முஸ்லிம் புலவர்களும் நபிகள் நாயகம் மீது பாடியுள்ளனர். அதன் பத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். கையூன்றித் தலையசைக்கும் செங்கீரை, தாலாட்டும் தால், கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வருக என்றழைக்கும் வாரானை, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி. குழந்தையின் உடல் என்ன செய்ய முனைகிறதோ, அதுவே பருவத்தின் பெயராக அமைந்தது. பிள்ளை முன்னே செல்ல, பாட்டு அதன் பின்னே சென்றது.

திருத்தி எழுதிய தாள்

இவற்றையெல்லாம் என் மாணவியிடம் ஒரே மூச்சில் கூறிவிடவில்லை. தேநீர் ஆறும் வரை கடிகாரத்தின் கதையை மட்டும் சொன்னேன். பிறகு இருவரும் அமர்ந்து அந்தத் தாளைத் திருத்தினோம். மணிகளை அடித்துவிட்டு ஐந்து வேளைகளை எழுதினோம். ஒவ்வொரு வேளையையும் ஒட்டி, என்றும் மாறாத ஒரு வரிசை.

சுப்ஹு தாயின் வேளை. பிள்ளையை எழுப்ப வேண்டியதில்லை. வெளிச்சம் வந்தபின் அது தானே எழும். எழுந்ததும் 'பிஸ்மில்லாஹ்' சொல்லி முகம் கழுவுதல், பால், பசியாறல், பின் விளையாட்டு.

லுஹர் நம் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி 1.00 மணிக்கும் 1.30 மணிக்கும் இடையே வருகிறது. அதற்கு முன் உணவு. பாங்கு கேட்டதும் தாய் தொழ, பின் இருவரும் படுத்தல். பிள்ளை உறங்காவிட்டாலும் அறை இருளாகவும் அமைதியாகவும் இருக்கட்டும்.

அஸர் 4.30 மணியை ஒட்டி வரும். அதற்குள் பகல் உறக்கம் முடிந்துவிட வேண்டும். இது மிக முக்கியம். அஸருக்குப் பின் உறங்கும் பிள்ளை இரவில் விழித்திருக்கும். இவ்வேளை வெளியே ஓடியாடுவதற்கு உரியது.

மக்ரிப் 7.00 முதல் 7.30 வரை. அதற்கு முன் குளியலும் இரவுணவும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் மக்ரிப் பாங்கோடு ஓய்ந்துவிட வேண்டும். பிள்ளைக்கென்று ஒரு சிறு தொழுகை விரிப்பு. அதில் அது நிற்கலாம், படுக்கலாம், உருளலாம். தொழுகை முடிந்ததும் நடைவழியில் நின்று நிலவைக் காட்டுதல். பிறை என்றால் பிறை, முழுநிலவு என்றால் முழுநிலவு. நம் அம்புலிப் பருவம் அடுக்குமாடியிலும் வாழட்டுமே!

இஷா பாங்கு 8.10 முதல் 8.45க்குள் கேட்கும். அது உறக்கத்திற்கான அழைப்பு. விளக்கு குறைத்தல், ஒரு கதை, ஒரு சிறு துஆ, தாலாட்டு. ஒன்பதரைக்குள் கண் அயர்ந்தால் போதும்.

இது போதுமா என்று அவள் கேட்டாள். ஒன்று முதல் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளுக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இரவு 9.30 முதல் காலை 7.00 வரை ஒன்பதரை மணி நேரம். பகலில் இரண்டு மணி நேரம். கூட்டினால் பதினொன்றரை. பகல் உறக்கத்தைக் கைவிட்டால் இந்தக் கணக்கு சரிவராது. கடிகாரம் முந்தி ஓடும் நம் ஊரில் கைலூலா ஆடம்பரம் அன்று, தேவை.

பள்ளி வாசலில்

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. காலை 7.30க்கு நம் பள்ளி மணி அடிக்கும்போது சூரியக் கணக்கில் நேரம் 6.17 தான். ஆண்டின் சில மாதங்களில் பிள்ளைகள் இருளிலேயே வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள். முதலாம் ஆண்டு வகுப்பில் மேசைமீது தலைசாய்க்கும் பிள்ளையைக் கண்டால், 'சோம்பேறி' என்னும் சொல் நம் நாவின் நுனிக்கு வருகிறது. அந்தச் சொல்லுக்கு முன், 'நேற்று எப்போது தூங்கினாய்?' என்று ஒரு கேள்வி கேட்போம். நம் பிள்ளைகள் சுமக்கும் அந்த 73 நிமிடங்களை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

பாலர் பள்ளிக்கு அனுப்பவிருக்கும் பெற்றோரும் ஒன்றைக் கருத வேண்டும். ஐந்து வயதில் திடீரென்று விடியலில் எழுப்புவதைவிட, முந்திய சில மாதங்களில் இரவு உறக்கத்தைச் சிறிது சிறிதாக இஷாவை நோக்கிக் கொண்டுவருவது எளிது.

மூன்று மாதங்களுக்குப் பிறகு என் மாணவி தொலைபேசியில் அழைத்தாள். எல்லாம் சீராகிவிட்டது என்று அவள் கூறவில்லை. கணவருக்கு இரவு வேலை உள்ள வாரங்களில் வரிசை குலைந்துவிடுகிறதாம். விருந்தினர் வந்தால் பத்தரையும் ஆகிவிடுகிறதாம். ஆனால் பெரும்பாலான நாள்களில் மகள் ஒன்பதரைக்குள் உறங்கிவிடுகிறாள். இஷா பாங்கு கேட்டால் அவளே தலையணையைத் தேடி எடுத்து வருகிறாளாம்.

"மக்ரிப்ல இன்னும் முதுகுல ஏறத்தான் செய்யுறா, டீச்சர்" என்றாள்.

"நீ என்ன செய்யுற?"

"அவளா இறங்குற வரைக்கும் ஸஜ்தாவுலேயே இருக்கேன்."

அன்றிரவு வெகுநேரம் என் மூத்த மகனை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். முதுகில் ஏறும் வயது அவனுக்கு எப்போதோ கடந்துவிட்டது. உங்கள் வீட்டில் அந்த வயதில் ஒரு பிள்ளை இருந்தால், இன்று மாலை பாங்கு கேட்கும்போது சற்றுப் பொறுத்திருங்கள்.